அப்பா தின்ற காய்க்கு என் பல் கூச வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்
(பதில் தருபவர், தேரிக்காட்டுக் கிராமங்களில் ஊழியம் செய்து ஓய்வுபெற்ற சேகர குரு, அதாவது பல ஊர்ச் சபைகள் சேர்ந்த ஒரு சேகரத்துக்குப் பொறுப்பான போதகர்)

கேள்வி: ஐயா, எனக்கு 34 வயது. லோடு வேன் ஓட்டுகிறேன். தாத்தா பனையேறி, கள்ளில் தொடங்கிச் சாராயத்தில் முடிந்தவர். அப்பா கல்லீரல் கெட்டு 51 வயதில் போய்விட்டார். "இவனும் அப்பன் வழிதான் போவான்" என்று சின்ன வயதிலேயே ஊர் சொல்லும். அது பலித்துவிட்டது. போன வருஷம், சாபத்தை முறிக்க ஜெபிக்கிற ஒரு விடுதலைக் கூட்டத்தில், உன் குடும்பத்தில் நாலு தலைமுறைச் சாபம் இருக்கிறது என்றார்கள். முன்னோர் பெயர்களை ஒரு தாளில் எழுதச் சொல்லி, எண்ணெய் பூசி ஜெபித்து, தாளை எரித்தார்கள். 5,000 ரூபாய் காணிக்கை வைத்தேன். ஒரு மாதம் குடிக்கவில்லை. அப்புறம் பழையபடி தினமும். திரும்பப் போய்க் கேட்டால், "ஏதாவது ஒரு பெயர் விட்டுப்போயிருக்கும், இல்லாவிட்டால் உனக்கு விசுவாசம் பத்தாது" என்கிறார்கள். எனக்கு ஆறு வயதில் மகன் இருக்கிறான். சாபம் அவன்மேலும் வருமா? மறுபடி போய் ஜெபித்துக்கொள்ளட்டுமா?
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தம்பி, போக வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாலு தலைமுறைப் பெயர் என்றால் அப்பா வழி, அம்மா வழி எல்லாம் சேர்த்து முப்பது பேர் வரும். நம்மில் எத்தனை பேருக்குக் கொள்ளுத்தாத்தாவைப் பெற்றவளின் பெயர் தெரியும்? ஏதாவது ஒரு பெயர் விட்டுப்போவது நிச்சயம். ஆக, பலித்தால் அவர்கள் ஜெபம், பலிக்காவிட்டால் உங்கள் குறை. இப்படி ஒரு ஏற்பாட்டில் நீங்கள் ஜெயிக்கவே முடியாது. பேதுரு எழுதியதை எடுத்து வாசியுங்கள்: "உங்கள் முன்னோர்களால் பாரம்பரியமாய் நீங்கள் அநுசரித்துவந்த வீணான நடத்தையினின்று" நீங்கள் வெள்ளியினாலும் பொன்னினாலும் மீட்கப்படவில்லை, கிறிஸ்துவின் இரத்தத்தினாலே மீட்கப்பட்டீர்கள் என்கிறார் (1 பேதுரு 1:18, 19). பரம்பரையாக வந்த நடத்தையைப் பற்றியேதான் பேச்சு. அதற்குக் காசு செல்லாது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அந்த 5,000 ரூபாயை உங்கள் மனைவியிடம் கொடுத்திருந்தால் பையனுக்குப் பள்ளிக்கூடச் செலவுக்கு ஆகியிருக்கும்.

சரி, அப்பாவிடமிருந்து எதுவுமே வரவில்லையா என்றால், வந்திருக்கிறது. அதை மறைத்துப் பேசுவதும் தப்பு. குடிக்கு அடிமையாகும் வாய்ப்பில் ஏறத்தாழப் பாதி பரம்பரையாக உடம்பில் வருகிறது என்பது மருத்துவர்கள் இரட்டையர்களை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொல்வது. உங்கள் கூட்டாளி ரெண்டு கிளாஸோடு எழுந்து போவான், உங்களால் முடியாது. அதில் பாவமும் இல்லை, சாபமும் இல்லை. சர்க்கரை வியாதிக்காரன் மகன் இனிப்பில் கவனமாக இருக்கிற மாதிரி நீங்களும் இதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மீதிப் பாதி வளர்கிற சூழலில் வருவது, வீடும் அதில் சேர்ந்தது. நான் இருந்த சேகரம் ஒன்றில், ஒரு சாயங்காலம் வீடு சந்திக்கப் போனபோது பிள்ளைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அஞ்சு வயசுப் பையன் ஒரு துண்டை லுங்கி மாதிரி மடித்துக் கட்டியிருக்கிறான். தள்ளாடித் தள்ளாடி வருகிறான். கதவு இருக்கிற இடத்தில் காலால் ஒரு உதை. அம்மாவாக உட்கார்ந்திருந்த சின்னப்பிள்ளை உடனே கொட்டாங்கச்சித் தட்டை எடுத்து ஒளிக்கிறாள். யாரும் அவர்களுக்கு வசனம் சொல்லிக் கொடுக்கவில்லை. திண்ணையில் இருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காப்பி இறங்கவில்லை. அந்தப் பையனுக்கு எதையாவது முறிக்க வேண்டுமானால், அந்த வீட்டு ராத்திரி எட்டு மணியை முறிக்க வேண்டும். அவன் தாத்தா பெயரைத் தாளில் எழுதி எரித்து என்ன ஆகப்போகிறது?

வேதத்திலேயே இப்படி ஒரு குடும்பம் இருக்கிறது. ஆபிரகாம் உயிருக்குப் பயந்து மனைவி சாராளைத் தங்கை என்றான், ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. அவன் மகன் ஈசாக்கும் மனைவி ரெபெக்காளைத் தங்கை என்றான். ஈசாக்கின் மகன் யாக்கோபு வெள்ளாட்டுக்குட்டித் தோலைக் கையில் சுற்றிக்கொண்டு குருட்டுத் தகப்பனை ஏமாற்றினான். அதே யாக்கோபுக்கு வயதானபோது அவன் பிள்ளைகள் வெள்ளாட்டுக் கடாவின் இரத்தத்தில், தாங்கள் விற்றுவிட்ட தம்பி யோசேப்பின் அங்கியைத் தோய்த்துக் கொண்டுவந்து, "இது உம்முடைய மகன் அங்கியா, பாரும்" என்று காட்டினார்கள். அப்பனை ஏமாற்றவும் ஆடு, அப்பனாகி ஏமாறவும் ஆடு. நாலு தலைமுறை.

இது எங்கே அறுந்தது? ஆதியாகமம் 37இல், "இவனை இஸ்மவேலருக்கு விற்றுப்போடுவோம்" என்று யோசனை சொன்னவன் யோசேப்பின் அண்ணன் யூதா. 44ஆம் அதிகாரத்தில், எகிப்தின் அதிபதி முன்னால், பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன், பையனை அப்பாவிடம் அனுப்பிவிடுங்கள் என்று நிற்பவனும் அதே யூதாதான். நடுவில் யாரும் அவனுக்குச் சாபம் முறிக்கவில்லை. அவனே இரண்டு பிள்ளைகளைப் புதைத்தான். மருமகள் தாமார் விஷயத்தில் ஊர் முன்னால் தலைகுனிந்து, "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்று ஒத்துக்கொண்டான். உண்மையைச் சொல்லப் பழகியவன்தான் பிறகு தன்னையே கொடுக்கிறேன் என்று சொன்னான். இயேசு வந்தது அவன் வம்சத்தில்.

அப்படியானால் கிறிஸ்து எனக்கு என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். கலாத்தியர் 3:13படி சாபத்தைச் சிலுவையில் அவர் ஏற்றுக்கொண்டார். அதை யாரும் இரண்டாம் தடவை முறிக்கத் தேவையில்லை. அப்பாவின் குற்றத்துக்கு நீங்கள் தேவனிடம் கணக்குக் கொடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் ஆசை ஒரே ராத்திரியில் போய்விடும் என்று வேதம் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு ஒரே ராத்திரியில் வெளியே வந்தார்கள். வந்தபிறகு வனாந்தரத்தில் உட்கார்ந்துகொண்டு வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து அழுதார்கள் (எண்ணாகமம் 11:5). அழுதார்கள் என்பதற்காக அவர்கள் திரும்பவும் பார்வோனின் அடிமைகள் ஆகிவிடவில்லை. நீங்கள் ஒரு மாதம் கழித்துக் குடித்ததும் அப்படித்தான். விசுவாசம் பொய் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இனிச் செய்ய வேண்டியது. தினமும் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் வைராக்கியத்தில் நாளைக் காலையிலிருந்து தொடமாட்டேன் என்று தனியாக நிறுத்தாதீர்கள். கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு. இரண்டு நாளிலிருந்து நாலு நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்தாகலாம். பேய் பிடித்துவிட்டது என்று அந்த நேரத்தில் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. தூத்துக்குடியிலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மனநலப் பிரிவில் காட்டுங்கள். போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு முதலில் போன் செய்து தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மாத்திரை எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், பவுல் தன்னோடு கூட்டிக்கொண்டு அலைந்த லூக்கா ஒரு வைத்தியன் என்று சொல்லுங்கள்.

உங்கள் மனைவிக்கும் ஒரு வார்த்தை: "சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், தானாக நிறுத்திவிடுவார்" என்று விற்கிற மருந்தை வாங்கவே வேண்டாம். குடியை நிறுத்த டாக்டர் எழுதிக் கொடுக்கிற மாத்திரைகளிலேயே டைசல்ஃபிராம் என்று ஒன்று உண்டு. அது உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் நெஞ்சு படபடத்து ரத்த அழுத்தம் இறங்கி ஆளே போய்விடலாம்.

அப்புறம், நம்பிக்கையான ஒருவரிடம் முழுவதையும் சொல்லுங்கள். உங்கள் சேகர ஐயரோ, குடியை விட்ட ஒரு மனிதரோ. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று புதிய ஏற்பாட்டு யாக்கோபு எழுதியது பெரும்பாலான சபைகளில் செத்த எழுத்தாகக் கிடக்கிறது. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரனில் இரண்டு குடிகாரர்கள் ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்லிக்கொண்டதில் தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். தமிழ்நாட்டிலும் அவர்கள் கூடுகை உண்டு, சில இடங்களில் நம் ஆலய வளாகங்களிலேயே நடக்கிறது. கட்டணம் இல்லை, பெயர் கேட்கமாட்டார்கள். வேனை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் கடை இருந்தால் வழியை மாற்றுங்கள். அன்றைய வாடகைப் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றாதீர்கள்.

மகன் விஷயம். சாபம் அவன்மேல் வராது. ஆனால் ஊறுகாய் பாக்கெட்டும் தண்ணீர் பாக்கெட்டும் வாங்க அவனைக் கடைக்கு அனுப்புகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அவனுக்குப் பதினாலு, பதினஞ்சு ஆனதும், தாத்தா எப்படிப் போனார், அப்பா எப்படி இருந்தேன் என்று நீங்களே உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஊர் சொல்லி அவன் கேட்க வேண்டாம்.

*

கேள்வி: "பிதாக்களுடைய அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கிறவர்" என்று பத்துக் கற்பனையிலேயே இருக்கிறது. நீங்கள் முன்னொரு இதழிலும் தலைமுறைச் சாபம் இல்லை என்று எழுதினீர்கள். வசனத்தை மறுக்கிறீர்களா?
– ஒரு மூப்பர், மதுரை

பதில்: மறுக்கவில்லை ஐயா, முழுவதும் வாசிக்கச் சொல்கிறேன். நீங்கள் எடுத்த வார்த்தைகளுக்கு முன்னால் அதே வசனத்தில் "என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து" என்று இருக்கிறது. அடுத்த வசனம், அவரில் அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கம் என்கிறது. நாலை வைத்து மாதாமாதம் கூட்டம் நடக்கிறது, ஆயிரத்தை வைத்து ஒரு கூட்டம் போட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களில் எசேக்கியேலும் ஒருவர். அங்கே அந்தச் சனங்கள், "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்று ஒரு பழமொழியைச் சொல்லிக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். இந்தப் பழமொழியை இனி வாயில் எடுக்காதீர்கள் என்று கர்த்தர் சொல்வதுதான் 18ஆம் அதிகாரம். "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை" என்ற 20ஆம் வசனத்தைச் சுற்றி வரவே முடியாது. யூதாவின் ராஜாக்களையே பாருங்கள். விக்கிரகத்துக்குக் கோயிலைத் திறந்துவிட்ட மனாசேயின் பேரன், பொல்லாத ஆமோனின் மகன், எட்டு வயதில் பட்டத்துக்கு வந்த யோசியா. அவனைப்போல ஒரு ராஜா முன்னும் இல்லை பின்னும் இல்லை என்று வேதம் சொல்கிறது. அவன் எந்தத் தாளை எரித்தான்?

ஒரே கூடாரத்தில் கொள்ளுத்தாத்தாவிலிருந்து குழந்தைவரை சேர்ந்து வாழ்ந்த காலத்தில், பெரியவன் செய்த அக்கிரமத்தின் பலன் அந்த மூன்று நான்கு தலைமுறையையும் ஒன்றாகவே தாக்கும். யாத்திராகமம் அதைத்தான் சொல்கிறது என்பது என் புரிதல். விளைவு வரும், குற்றத்தீர்ப்பு வராது.

*

கேள்வி: நான் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். மகளுக்கு எட்டு வயது. போன வாரம் பாலைக் கொட்டிவிட்டாள். கையில் இருந்த தோசைக்கரண்டியாலேயே அடித்துவிட்டு, "உன்னப் பெத்ததுக்கு ஒரு அம்மியப் பெத்திருந்தா மொளகாயாவது அரைச்சிருக்கலாம்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அது என் அம்மா என்னைச் சொன்ன வார்த்தை, அதே ராகம். இரட்சிக்கப்பட்டுப் பத்து வருஷம் ஆகிறது. ஏன் இன்னும் இப்படி இருக்கிறேன்?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: மகளே, அம்மாதான் உனக்குள்ளிருந்து பேசினாள் என்று சொல்லி உன்னைத் தேற்றமாட்டேன். பேசினது நீதான். வார்த்தை மட்டும் அம்மாவுடையது. உன் அம்மாவுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். அம்மியில் அரைத்த காலத்து வார்த்தை அது, உன் வீட்டில் மிக்ஸிதானே இருக்கிறது.

விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று ரோமர் 7இல் பவுல் புலம்புகிறாரே, அந்த வரிசையில் நீயும் நிற்கிறாய். ஒரு வித்தியாசம் சொல்கிறேன். உன் அம்மா அன்று ராத்திரி உன்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டாளா? அநேகமாக இருக்காது, நம் தலைமுறையில் பெற்றவர்கள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கமே இல்லை. நீ கேள். இன்றைக்கே கேட்கலாம், ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, பிள்ளை மறந்திருக்கமாட்டாள். "அம்மா அடிச்சது தப்பு, சொன்னதும் பொய்" என்று இரண்டே வாக்கியம். "நீயும் பாலைக் கொட்டினேல்ல" என்று மூன்றாவது வாக்கியம் சேர்த்தால் முதல் இரண்டும் போச்சு. உன் அம்மா வீட்டில் நடக்காத ஒன்று உன் வீட்டில் நடந்துவிட்டது என்றால், கிறிஸ்து அங்கே வேலை செய்கிறார் என்று அர்த்தம். பெரிய சத்தம் எதுவும் கேட்காது.

"பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்ற வசனத்தை உன் வீட்டிலும் யாராவது எடுத்துப் பேசுவார்கள். அதைத் தோசைக்கரண்டிக்குச் சாட்சியாக இழுக்க வேண்டாம். பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயரில் இருப்பதை அவர்களுக்கு எடுத்துக் காட்டு.

வேலை முடிந்து வந்த முதல் அரை மணி நேரம் சமையலறைக்குள் போகாதே. வீட்டுக்காரர் டீ போடட்டும். அம்மா உயிரோடு இருந்தால், அவர்கள் சின்ன வயசு எப்படி இருந்தது என்று ஒரு நாள் கேட்டுப் பார். இதற்குப் பிறகும் கை நீண்டுகொண்டே இருந்தால் ஒரு மனநல ஆலோசகரிடம் போ, ஜெபக்குழுவோடு நிறுத்திக்கொள்ளாதே.

*

கேள்வி: தாத்தா காலத்துப் பித்தளைக் குத்துவிளக்கு வீட்டில் இருக்கிறது. குலதெய்வத்துக்கு ஏற்றினது. அதனால்தான் வீட்டில் சமாதானம் இல்லை, எடைக்குப் போடு என்கிறார் ஒரு சகோதரர்.
– சாத்தான்குளம் பக்கம்

பதில்: புளி போட்டுத் தேய்த்து வையுங்கள். கரண்ட் போனால் ஏற்றலாம். சமாதானம் இல்லாததற்கு வீட்டில் உள்ள மனிதர்களிடம் காரணம் தேடுங்கள், பித்தளையிடம் வேண்டாம். எடைக்குப் போடச் சொன்ன சகோதரர் தானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லாதவரைக்கும் அவரிடமும் சண்டை வேண்டாம்.

*

கேள்வி: நாங்கள் ஐந்து தலைமுறைக் கிறிஸ்தவர்கள். அப்பா சபைக் கமிட்டியில் இருக்கிறார். வீட்டில் குடி கிடையாது, சினிமா கிடையாது. நான் விரும்பும் பெண்ணும் எங்கள் திருச்சபைதான், ஆனால் வேறு சாதி. "வேதத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, இது குடும்ப மரியாதை" என்கிறார் அப்பா. என்ன செய்வது?
– வாலிபர், திருநெல்வேலி

பதில்: தம்பி, பரம்பரைப் பாவம் என்று இந்த மாதம் வந்த கடிதங்களில் உங்கள் வீட்டுக் கதைதான் கனத்தது. ஆனால் நீங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே இல்லை, பாருங்கள். குடிக்குச் சாபம் முறிக்கிறார்கள், கடனுக்கு முறிக்கிறார்கள், கல்யாணத் தடைக்கு முறிக்கிறார்கள். சாதியை முறிக்க யாரும் உபவாசக் கூட்டம் போட்டு நான் பார்த்ததில்லை. ஐந்து தலைமுறையாகக் கை மாறி வருகிறது, ஞானஸ்நானத் தொட்டியைத் தாண்டி வருகிறது. ஆனால் அதற்கு மரியாதை என்று பெயர்.

இது புதிதும் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, உடனே விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். இன்றைக்கும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. உயிர்த்தெழுதலில் யார் எந்தச் சுவரைத் தாண்டி எழுந்து வருவார்களோ, தெரியவில்லை.

அப்பாவை வெறுக்க வேண்டாம். முதல் கடிதத்துக்கான பதிலில் பேதுரு சொன்ன பாரம்பரிய நடத்தையைக் குறிப்பிட்டேன். அதை எழுதியவரே அதில் விழுந்தவர்தான். யோப்பாவில் தரிசனம் கண்டு, யூதரல்லாத கொர்நேலியு வீட்டில் போய்த் தங்கியவர், அந்தியோகியாவில் எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு மெல்ல நகர்ந்துகொண்டார். பவுல் எல்லார் முன்னாலும் முகமுகமாக எதிர்த்துக் கேட்டார் (கலாத்தியர் 2). தரிசனம் கண்டவருக்கே பந்தியில் கால் பின்வாங்கியது என்றால் உங்கள் அப்பாவுக்கும் நேரம் பிடிக்கும். ஆனால் பவுல் நேரம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை, கேட்டார். நீங்களும் கேளுங்கள், மரியாதையாக, அம்மாவையும் வைத்துக்கொண்டு. அடுத்து சேகர குருவிடம் இரண்டு பேருமாகப் போங்கள். ஓலை வாசிக்க, அதாவது ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு வாசிக்க, அவர் தயங்கினால் பேராயருக்கு எழுதுங்கள். மிரட்டல், அடி உதை என்று போனால் காத்திருக்காமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாதுகாப்புக் கேளுங்கள். அதில் சாட்சி கெடாது.

இவ்வளவு தூரம் வந்து அப்பா சம்மதித்த பிறகு, பெண் வீட்டில் எத்தனை பவுன் போடுவார்கள் என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கும் இப்போதே ஒரு பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.